திணையும் பாலும் திருமறையும்: கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவருக்கு அம்மொழியின் பெயர்ச்சொற்களிலே ஆண்பால், பெண்பால் வேறுபாடு பெருந்தொல்லை தருவதில்லை. மனிதரில் ஆடவரை ஒரு சொல்லாலும் பெண்டிரை மற்றொரு சொல்லாலும் ஏனையவற்றை மூன்றாவது சொல்லாலும் சுட்டும் வழக்கம் அவருக்குத் தம் தாய்மொழியிலேயே பழகியதாகும். ஆயின் ஜெர்மன் மொழியையோ, கிரேக்கத்தையோ, எபிரேயத்தையோ கற்கப் புகும் இறையியல் மாணவர் மேசைக்கும் கதவுக்கும் பால் உண்டு என்று அறிந்து திகைப்படைகிறார். ஆங்கிலமும் தமிழும் இந்த ஒரு பொருளில் நெருங்கி நிற்பது ஏன்? ஆங்கிலம் இந்நிலையை எவ்வாறு அடைந்தது? தமிழ் எக்காலத்தில் இந்நிலையில் நின்றது? இவ்வினாக்கள் இலக்கண ஆசிரியருக்கு மட்டும் உரியவை என்று எண்ணுதல் தவறு. கடவுளையும் தூய ஆவியையும் குழந்தையையும் அடிமையையும் பெண்ணையும் எச்சொல்லால் சுட்டுகிறோம் என்பது அருட்பணியின் உள்ளத்தைத் தொடும் செய்தியாகும். இதனை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலையும் இலக்கணமும்

பழனி மலைத் தொடரின் உச்சியில் அமைந்த கோடைக்கானல், அருட்பணியாளர்களின் இளைப்பாறுமிடமாகத் தோன்றிய ஊராகும். 1834ஆம் ஆண்டில் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் தங்கள் குடும்பத்தாரை ஒருவர்பின் ஒருவராக இழந்தனர். முதலிற் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் தொடர்ந்தது. பின்னர் 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். காலப்போக்கில் ஆங்கிலேயர், ஜெர்மானியர், சுவீடன் நாட்டார், டென்மார்க்கு நாட்டார் எனப் பல திருச்சபைகளின் ஊழியரும் கோடைகாலத்தில் அங்கே கூடலாயினர். 1895இல் இயேசு சபையினர் செண்பகனூரில் தம் குருமாணவர் கல்லூரியை நிறுவினர். கதிரவனைப் பெண்ணாகச் சொல்லும் ஜெர்மானியரும், ஆணாகச் சொல்லும் பிரெஞ்சுக்காரரும், அது எனச் சொல்லும் ஆங்கிலேயரும் ஒரே மலையில் ஒரே கதிரவனைக் கண்டனர். மூவரும் ஒரே தமிழைக் கற்றுக்கொண்டிருந்தனர்.

இம்மலையிலேதான் பேராயர் இராபர்ட் கால்டுவெல் தம் இறுதி நாட்களைக் கழித்தார். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னை வந்து, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியை இருப்பிடமாகக் கொண்டு உழைத்த அவர், 1877இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1891 சனவரித் திங்கள் இறுதியிற் பொறுப்பினின்றும் விலகிக் கோடைக்கானலை அடைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்தின் பலிபீடத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டது. 1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கப்பெற்ற அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், பால் பற்றிய பகுதியிலே திராவிட மொழிகளை உலக மொழிக்குடும்பங்களோடு வைத்து நோக்குகிறது. 1858 முதல் 1869 வரை தமிழ்த் திருமறைத் திருத்தப் பணியிலும் அவர் பங்குகொண்டார். பாலை ஆராய்ந்த அறிஞரும் திருமறையைத் திருத்திய குழுவினரும் ஒருவராய் அமைந்தது நமது ஆய்வுக்குத் துணை செய்வதாகும்.

2. ஆங்கிலம் பாலை இழந்த வரலாறு

இன்றைய ஆங்கிலம் எக்காலத்தும் இவ்வாறே இருந்ததில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்குமுன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண், பெண், அலி என்னும் மூன்று பால்களுள் ஒன்றைச் சேர்ந்திருந்தது. கல் ஆண்பால், கதிரவன் பெண்பால், திங்கள் ஆண்பால். பெண்ணைக் குறித்த 'வீஃப்' என்னும் சொல் அலிப்பால். அதே பெண்ணைக் குறித்த 'வீஃப்மன்' என்னும் கூட்டுச்சொல்லோ ஆண்பால். இச்சொல்லே பின்னர்த் திரிந்து, பெண்ணைக் குறிக்கும் இன்றைய பொதுச்சொல் ஆயிற்று. ஆகவே சொல்லின் பாலும் பொருளின் பாலும் வேறு வேறாக இயங்கின என்பது தெளிவு.

இம்முறை ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டுவரை படிப்படியாக மறைந்தது. முதலில் வடபகுதியில் மறைந்தது. தென்கிழக்கிலுள்ள கெண்டு நாட்டுப் பேச்சில் 14ஆம் நூற்றாண்டிலும் அதன் சுவடுகள் எஞ்சியிருந்தன. அழுத்தமின்றி ஒலிக்கப்பட்ட சொல்லிறுதிகள் தேய்ந்து ஒன்றுபட்டமை ஒரு காரணம். வடபகுதியிற் குடியேறிய ஸ்காந்திநேவிய மக்களின் மொழியோடு கலந்து பழகியமை மற்றொரு காரணம் என அறிஞர் கருதுவர். இறுதிகள் தேய்ந்தபின் பாலைக் காட்டும் பொறுப்புச் சுட்டுப்பெயர்களின் மேல் விழுந்தது. சுட்டுப்பெயரோ பொருளை நோக்கியே அமைந்தது.

எனினும் பழைய வழக்கின் எச்சங்கள் நெடுநாள் நின்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறையில், உப்பு தன் சாரத்தை இழப்பதைப் பற்றிப் பேசும் மத்தேயு 5:13இல், உப்பைக் குறிக்க ஆண்பாலுக்குரிய உடைமைச் சொல்லே வருகிறது. அஃறிணைக்குரிய தனி உடைமைச் சொல் அக்காலத்தில் புதியது. அப்பதிப்பில் அது இடம்பெறவேயில்லை. பிற்காலப் பதிப்புகளில் லேவியராகமம் 25:5இல் மட்டுமே அது சேர்க்கப்பட்டது. விண்ணிலுள்ள தந்தையைக் குறிக்கவும், இன்று பொருள்களுக்கே உரியதாய்விட்ட இணைப்புச் சொல்லையே அம்மொழிபெயர்ப்பாளர் ஆண்டனர். அவர்கள் காலத்தில் அது அவமதிப்பாகத் தோன்றவில்லை. மொழியின் வழக்கு மாறும்போது மதிப்பின் அளவும் மாறுகிறது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1662ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூலிலே இதனினும் நுட்பமான ஓர் இடம் உண்டு. குழந்தைத் திருமுழுக்கு ஒழுங்கில், குழந்தையை நீரில் அமிழ்த்துமாறு குருவுக்குக் கூறும் குறிப்புரை அக்குழந்தையை அஃறிணைச் சுட்டால் குறிக்கிறது. அதே குழந்தைக்காகக் கடவுளை நோக்கிச் செய்யும் செபமோ அதனை உயர்திணைச் சுட்டால் குறிக்கிறது. செய்முறையைச் சொல்லுமிடத்தில் குழந்தை ஒரு பொருள். கடவுளின் திருமுன் அது ஓர் ஆள். இவ்வேறுபாட்டை அந்நூலார் எண்ணிச் செய்தனர் என்று கொள்ளவேண்டுவதில்லை. எண்ணாது செய்ததே மொழி நம்மைக் காட்டிக்கொடுக்கும் இயல்பை விளக்குகிறது.

3. தமிழில் திணையும் பாலும்

தமிழிலக்கண ஆசிரியர் பாலுக்கு முன்னே திணையை வைத்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை எனவும் அவரல்லாத பிறவற்றை அஃறிணை எனவும் வகுக்கிறார். பிற்காலத்து நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையிற் சேர்த்தார். உயர்திணை, ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாகவும், அஃறிணை, ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டாகவும் பிரியும். ஆகத் தமிழிற் பால் ஐந்து. பாலும் எண்ணும் இதில் ஒன்றாகப் பிணைந்து நிற்பதும், பலர்பாலில் ஆண் பெண் என்னும் வேறுபாடே இல்லாதிருப்பதும் கருதற்பாலன.

இப்பகுப்பில் அடங்காதனவற்றைத் தொல்காப்பியர் மறைக்கவில்லை. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்க்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை. அவை உயர்திணை ஈறுகளையே பெறும் என்பது அவர் கூற்று. தெய்வமும், சமுதாயம் புறந்தள்ளியவரும் ஒரே நூற்பாவிற் சேர்ந்து உயர்திணைக்குள் இடம்பெறுவது இறையியலார் நின்று நோக்குதற்குரிய காட்சி. 2014இல் இந்திய உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் உரிமையைச் சட்டப்படி ஏற்றது. அவர்களை உயர்திணையில் வைப்பதில் தமிழ் இலக்கணம் அதற்கு மிகவும் முந்தியது.

மற்றொரு பட்டியலும் அவர் தருகிறார். பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை வினைகொண்டு முடியும் பெயர்கள் அவை: குடிமை, ஆண்மை, பெண்மை, அடிமை, விருந்து, அரசு, மகவு, குழவி முதலாயின. கூன், குருடு போன்று உறுப்பின் குறையால் மனிதரைக் குறிக்கும் பெயர்களும் இதில் அடங்கும். அன்பினால் சொல்லும் காதற்சொல்லும், சினத்தினால் சொல்லும் செறற்சொல்லும் ஒருங்கே இதில் இடம்பெறுகின்றன. தாய் தன் மகவை 'அது' என்பாள். பகைவனும் பகைவனை 'அது' என்பான். ஒரே சொல் ஒருவர் வாயில் கொஞ்சலாகவும் மற்றொருவர் வாயில் இழிவாகவும் ஒலிக்கும் என்பதை அவ்வாசிரியர் நன்கறிந்திருந்தார். இதனை அடுத்துக் காலம், உலகம், உயிர், உடம்பு, தெய்வம், ஞாயிறு, திங்கள், சொல் முதலாயினவும் அவ்வாறே உயர்திணையிற் பால் பிரிந்திசையாப் பெயர்களாக எண்ணப்படுகின்றன. உயிரும் சொல்லும் இப்பட்டியலில் இருப்பதை நினைவிற் கொள்வோமாக. திருமறை மொழிபெயர்ப்பைப் பேசும்போது இவை திரும்ப வரும்.

4. கால்டுவெல் தந்த விளக்கம்

இந்தோ ஐரோப்பிய மொழிகள் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண், பெண் என்னும் பாலைக் கற்பனையால் ஏற்றுகின்றன. திராவிட மொழிகளோ பொருளின் இயல்பை நோக்கியே பகுக்கின்றன. கால்டுவெல் இவ்வேறுபாட்டைத் தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். பகுத்தறிவுடைய உயிர், பிற பொருள் என்னும் எல்லைக்கோடே திராவிடப் பாகுபாட்டின் அடிப்படை என்று அவர் கண்டார்.

அவர் குறித்த மற்றொரு செய்தி தெலுங்கு மொழியைப் பற்றியதாகும். தெலுங்கில் ஒருமையில் ஆணுக்கு மட்டும் 'வாடு' என்னும் தனிச்சுட்டு உண்டு; பெண்ணையும் பொருளையும் 'அதி' என்னும் ஒரே சுட்டுக் குறிக்கும். பன்மையிலோ பெண்டிர் ஆடவருடன் சேர்ந்து 'வாரு' என்பதைப் பெறுவர். பெண் தனித்து நிற்கும்போது பொருளோடும், பலராய் நிற்கும்போது மக்களோடும் எண்ணப்படுகிறாள். மரியாதை கருதிய 'ஆமெ' போன்ற சுட்டுகள் தெலுங்கில் உண்டெனினும் வினைமுற்று பழைய பகுப்பையே காட்டிநிற்கிறது. இம்முறையே மூலத் திராவிடத்தின் நிலைக்கு அண்மையது என்று கருதும் மொழியியலாரும் உளர். அவ்வாறாயின், பெண்ணுக்கு ஒருமையில் தனி ஈறு வகுத்தமை தமிழின் வளர்ச்சியாகும்.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் ஒன்றுள்ளது. உயர்திணை, அஃறிணை என்னும் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் விளக்குகையில், நாட்டு இலக்கணத்தார் இவற்றை 'உயர்ந்த சாதிப் பெயர்', 'சாதியற்ற பெயர்' என்று வழங்குவதாகக் கால்டுவெல் பெயர்த்தெழுதினார். ஐரோப்பிய இலக்கண ஆசிரியர் 'பகுத்தறிவுடையன', 'பகுத்தறிவற்றன' என வழங்கியதையும் அவர் குறித்தார். திணை என்னும் சொல்லுக்கு ஒழுக்கம், குடி, நிலம் எனப் பல பொருள்கள் உண்டு. ஆதலின் அப்பெயர்ப்பு சொல்லளவில் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும் அதன் விளைவு கடுமையானது. உயர்திணை என்பது மக்கள் அனைவரையும் தழுவும் பெயர். அதனுள் மேல் கீழ் இல்லை. உழுபவரும் அரசரும் ஒரே திணையினர். அதனைச் சாதிப் பெயராகப் படித்த வெளிநாட்டார், தமிழிலக்கணத்தின் முதல் நூற்பாவே மனிதரைச் சாதியாற் பிரிக்கிறது என்று எண்ணக்கூடும். உண்மையில் அந்நூற்பா மக்கட் குலம் முழுவதையும் ஒன்றாக்குகிறது. தமிழ்த் திருச்சபை சாதியை எதிர்க்கத் தன் மொழியிலிருந்தே எடுத்தாளத்தக்க ஒரு கருவி இவ்வாறு மங்கலாயிற்று எனலாம்.

5. திருமறை மொழிபெயர்ப்பில் எழுந்த சிக்கல்கள்

சீகன்பால்கு 1714-1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு முதல் பப்ரிசியஸ், இரேனியஸ், ஹென்றி பவர் ஆகியோரின் பணிகள்வரை, ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் திணை பால் பற்றிய முடிவுகளைச் செய்தே தீரவேண்டியிருந்தது. பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் முழுமை பெற்ற ஐக்கியத் திருப்புதல், இன்றும் நம் ஆலயங்களிற் பெரிதும் வழங்குவது. அதினின்றும் நான்கு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, பெத்லகேமின் பிள்ளை. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் வந்து பணிந்துகொள்ளும் இடத்தில் ஐக்கியத் திருப்புதல் பிள்ளையை 'அது' என்றே சுட்டுகிறது. கிரேக்க மூலத்தில் 'பைதியொன்' அலிப்பாற் சொல். தமிழிலும் பிள்ளையும் குழவியும் அஃறிணை முடிபு கொள்வன. ஆக இருமொழி இலக்கணமும் இங்கே கைகோத்தன. ஆங்கிலத் திருமறை ஆண்பாற் சுட்டைக் கையாண்டு பிள்ளையின் மேன்மையை முன்னரே அறிவித்துவிடுகிறது. தமிழோ காணிக்கை பெறும் அரசரைக் கைக்குழந்தையாகவே நம்முன் வைக்கிறது. லூக்கா 2:40இல் பிள்ளை வளர்வதைக் கூறும் வினை அஃறிணையாய் முடிய, அதே வசனத்தில் தேவகிருபை தங்கியதைக் கூறுமிடத்தில் சுட்டு 'அவர்' என மாறுகிறது. அவதாரத்தின் தாழ்மையை விளக்க விரும்பும் போதகருக்கு இவ்விரு இடங்களும் போதும்.

இரண்டாவது, யோவான் நற்செய்தியின் வார்த்தை. கிரேக்கத்தில் 'லோகோஸ்' ஆண்பால். 1526இல் டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, யாவும் வார்த்தையால் உண்டானதைக் கூறும் வசனத்தில் அஃறிணைச் சுட்டையே எழுதினார். 1611இன் பெயர்ப்பு அதனை ஆண்பாலாக்கிற்று. ஐக்கியத் திருப்புதலிலோ முதல் வசனத்தில் வார்த்தை அஃறிணை வினை கொண்டு முடிகிறது; இரண்டாம் வசனத்தில் சுட்டு 'அவர்' ஆகிறது. பதினான்காம் வசனத்தில் மாம்சமான வார்த்தை உயர்திணை வினையையே பெறுகிறது. சொல் என்பது உயர்திணைப் பொருள் பயந்தும் அஃறிணையாய் முடியும் எனத் தொல்காப்பியர் எண்ணியதற்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இல்லையாயினும், தமிழ்மொழி இம்மாற்றத்திற்கு இடங்கொடுக்கும் இயல்புடையது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது, தூய ஆவி. எபிரேயத்தில் 'ரூவாக்' பெரும்பாலும் பெண்பால். கிரேக்கத்தில் 'நியூமா' அலிப்பால். இலத்தீனில் 'ஸ்பிரித்துஸ்' ஆண்பால். தொடக்ககாலச் சிரியத் திருச்சபையார் தம் மொழியின் இயல்புக்கேற்ப ஆவியைப் பெண்பாலிற் குறித்தனர், ஏறத்தாழ கி.பி. 400க்குப்பின் ஆண்பால் வழக்கு மேலோங்கிற்று. ஆகவே ஆவியின் இலக்கணப் பாலைக்கொண்டு கடவுளை ஆண் என்றோ பெண் என்றோ நிறுவ முயல்வது பொருந்தாது. 1611இன் ஆங்கிலத் திருமறை ரோமர் 8:16இல் ஆவியை அஃறிணையாகவே சுட்டியது. 1881இன் திருத்தமே அதனை மாற்றியது. ஐக்கியத் திருப்புதலோ அதற்கு முன்னரே அவ்விடத்தில் 'ஆவியானவர்' என்று எழுதிற்று. தமிழில் ஆவி அஃறிணைப் பெயர். அதனோடு 'ஆனவர்' என்னும் சொல்லைச் சேர்த்து அதனை ஆள்தன்மையுடையதாக்கினர். அசுத்த ஆவியோ அதே திருப்புதலில் அஃறிணையாகவே நின்று, மாற்கு 1ஆம் அதிகாரத்தில் அஃறிணை வினையோடு மனிதனைவிட்டு நீங்குகிறது. பெயர் ஒன்றே, திணை வேறு. திரித்துவத்தின் மூன்றாம் ஆளைக் குறித்த கோட்பாடு முழுவதும் தமிழில் ஓர் ஈற்றிலே தங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது. தூய ஆவியை ஓர் ஆற்றலாகவும் வரமாகவும் மட்டும் பேசி, 'அது இறங்கியது' என்று மொழியும் பிரசங்கம் இவ்வீற்றைக் கைவிடுகிறது.

நான்காவது, கடவுளின் பெயர். சீகன்பால்கு சருவேசுரன் என்றும், பப்ரிசியஸ் பராபரன் என்றும், இரேனியசும் பவரும் தேவன் என்றும் எழுதினர். இவை யாவும் அன் ஈற்று ஆண்பாற் பெயர்கள். தேவன் என்னும் ஒருமைப் பெயருக்கு ஆர் ஈற்று மரியாதைப் பன்மை வினையைச் சேர்த்து எழுதும் வழக்கும் நிலைபெற்றது. 20ஆம் நூற்றாண்டில் லார்சன், மோனகன் ஆகியோரின் திருத்தம் கடவுள் என்னும் சொல்லை ஏற்றது. இச்சொல்லில் ஆண் ஈறோ பெண் ஈறோ இல்லை. 'அவர்' என்னும் பொதுச்சுட்டோடு அது இயல்பாக இசையும். கடவுள் ஆணா பெண்ணா என்னும் விவாதத்தில் ஆங்கிலத் திருச்சபைகள் இடர்ப்படுகையில், தமிழ்த் திருச்சபையின் கையில் இச்சொல்லும் இச்சுட்டும் அமைதியாய் இருக்கின்றன.

இவ்விடத்தில் மற்றொன்றும் நேர்மையோடு கூறவேண்டும். கிரேக்கத்தில் இயேசுவுக்கும் பேதுருவுக்கும் ஒரே சுட்டுத்தான். ஐக்கியத் திருப்புதல் இயேசுவை 'அவர்' எனவும் பேதுருவை 'அவன்' எனவும் மரியாளை 'அவள்' எனவும் படிநிலை வைத்தெழுதிற்று. பழந்தமிழில் 'அவன்' இழிசொல் அன்று. இறைவனையும் வேந்தனையும் அவ்வாறே சுட்டினர். ஆயின் 'அவர்' மரியாதையாய்ப் பெருகியபின் 'அவன்' தாழ்ந்துவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுருவுக்கும் மரியாவுக்கும் 'அவர்' என்றே எழுதியமை இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

6. அடிமையும் கூலியும்

கிரேக்க மொழியில் போரில் பிடிபட்ட அடிமையைக் குறிக்க 'ஆண்ட்ரபொதொன்' என்றொரு சொல் உண்டு. நாற்கால் விலங்கைக் குறிக்கும் சொல்லைப் பின்பற்றி 'மனிதக்கால் உடையது' என்னும் பொருள்பட அமைந்த அலிப்பாற் சொல் அது. தொல்காப்பியர் பட்டியலிலும் அடிமை அஃறிணை வினை கொள்ளும் பெயராக நிற்பதை முன்னர்க் கண்டோம். இரு பழம்பெரும் நாகரிகங்களும் தம் இலக்கணத்தில் ஒரே இடத்தில் ஒரே பிளவைக் காட்டுகின்றன. இந்தியாவிலும் 1843ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றிருந்தன.

இப்பின்னணியில் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைப் படித்தல் வேண்டும். 10ஆம் வசனத்தில் பவுல் ஒநேசிமுவைத் தன் 'டெக்னொன்', அதாவது பிள்ளை, என்கிறார். இஃது அலிப்பாற் சொல். அதனைத் தொடரும் இணைப்புச் சொல்லோ இலக்கணப்படி அலிப்பாலாக அமையாமல் ஆண்பாலாக வருகிறது. ஒப்பிலக்கணத்தார் இதனைப் பொருளை நோக்கிய இயைபு என்பர். அடிமையை ஆளாக நோக்கும் பார்வை அச்சிறு இணைப்பிலேயே தெரிகிறது. 16ஆம் வசனத்தில் ஐக்கியத் திருப்புதல் 'அடிமையானவன்' என்னும் சொல்லைக் கையாள்கிறது. ஆவியை ஆவியானவராக உயர்த்திய அதே இலக்கணக் கருவி, அடிமை என்னும் அஃறிணைப் பெயரை அடிமையானவனாக உயர்திணையில் ஏற்றுகிறது. அங்கிருந்து அவன் சகோதரன் என்னும் பெயருக்குச் செல்கிறான். தமிழ் வாசகருக்கு இது பெரிய பேறு. ஆவிக்கும் அடிமைக்கும் ஒரே ஈறு போதுமானதாயிற்று.

கோடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை ஏற்படுமுன்னர், பெரியகுளத்தருகே மலையடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நாற்காலிகளிலும் டோலிகளிலும் வெள்ளையரைச் சுமந்துசென்றவர் அப்பகுதித் தொழிலாளரே. அப்பாதைக்கு ஆங்கிலத்தில் 'கூலி காட்' என்றே பெயர் வழங்கிற்று. தமிழிற் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம், அஃறிணைப் பெயர். ஆங்கிலச் சொல்லும் இத்தமிழ்ச் சொல்லினின்றே சென்றது எனப் பலர் கருதுவர். சென்றபோது அது ஊதியத்தை விட்டு ஊதியம் பெறுபவரின் பெயராயிற்று. பின்னர்த் தமிழ்நாட்டிலும் அதே பொருளில் திரும்பிவந்தது. கடல்கடந்த தோட்டங்களிற் பல்லாயிரம் தமிழர் இப்பெயராலேயே பதிவேடுகளில் எழுதப்பட்டனர். பால் அற்ற மொழி என்று பாராட்டப்படும் ஆங்கிலமும், திணை வகுத்த தமிழும், சேர்ந்தே மனிதரை அஃறிணையாக்கிய வரலாறு இது. அருட்பணியாளர் பலர் இம்மக்களின் ஆன்மாக்களுக்காக உழைத்தனர். அவர்களைச் சுமந்து ஏறியவரின் பெயர்களோ பாதையின் பெயரோடு மறைந்துபோயின.

7. ஆண்பாற்சொல் பெண்ணையும் தழுவுமா?

ஆங்கிலத்தில் உயர்திணை ஒருமைக்குப் பொதுச்சுட்டு முறையாக ஏற்கப்படாதிருந்தமையால், ஆண்பாற் சொல்லே பெண்ணையும் குறிக்கும் என்னும் விதி எழுந்தது. 1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டங்களின் பொருள்கோளுக்காக இதனை விதியாக்கிற்று. இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டமும் தன் 13ஆம் பிரிவில் அவ்வாறே கூறுகிறது. ஆயின் 1868இல் இங்கிலாந்தின் நீதிமன்றம், வாக்குரிமைச் சட்டத்தில் ஆணைக் குறித்த சொல் பெண்ணைத் தழுவாது என்று தீர்ப்பளித்தது. தண்டனைக்கும் வரிக்கும் பெண்ணைத் தழுவிய சொல், உரிமை வந்தபோது அவளை வெளியே நிறுத்திற்று.

தமிழில் இவ்விடர் இல்லை. பலர்பால் ஈறு ஆண்பெண் இருவருக்கும் பொது. மரியாதை ஒருமையாகவும் அதுவே வழங்கும். போதகர், ஆயர், பேராயர், மூப்பர் என்னும் சொற்களைத் திருத்தவேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 2013 செப்டம்பர் 30ஆம் நாள் எகோனி புஷ்பலலிதாவை நந்தியால் பேராயராகத் திருநிலைப்படுத்தியபோது, பேராயர் என்னும் தமிழ்ச் சொல் அவரை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. சொல் காத்திருந்தது; 1947இல் தோன்றிய திருச்சபைக்கு அதனிடம் வந்துசேர 66 ஆண்டுகள் ஆயின. இலக்கணம் தரும் வாய்ப்பைச் சமுதாயம் தானே ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கலாத்தியர் 3:28இல் ஆண், பெண் என்னும் சொற்கள் கிரேக்கத்தில் அலிப்பாலில் நிற்கின்றன; கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஆகும் 'ஒன்று' என்னும் சொல்லோ 'ஹெய்ஸ்' என ஆள்தன்மையுடைய பாலில் நிற்கிறது. பிரிவினைகள் அஃறிணை, ஒற்றுமை உயர்திணை. தமிழில் 'ஒன்று' என்பதற்கு ஈடாக 'ஒருவர்' எனப் படிக்க முயலும்போது பவுலின் கருத்து நமக்குப் புதிதாக விளங்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றினின்றும் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, இலக்கணப் பால் இறைவனின் இயல்பைக் காட்டும் சான்றாகாது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், சிரியம், தமிழ் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு பாலில் ஒரே ஆவியானவரை அறிக்கையிட்டன. இரண்டாவது, ஆங்கிலத்தைப் போலப் பாலை இழந்த மொழியும் நேர்மையை உறுதிசெய்வதில்லை. தமிழைப் போலப் பொதுச்சுட்டு உடைய மொழியும் அதனை உறுதிசெய்வதில்லை. மூன்றாவது, தொல்காப்பியர் மக்கள் என்று வகுத்த உயர்திணையில் விதிவிலக்குகள் உண்டு. அவை குழந்தை, அடிமை, உறுப்புக் குறையுடையார் ஆகியோர் நிற்கும் இடங்களே. நற்செய்தி நூல்களில் ஆண்டவர் அருகழைத்தவரும் பெரும்பாலும் இவர்களே.

ஆகவே போதகர் தம் நாவைச் சோதித்தல் தகும். திருமுழுக்கின்போது குழந்தையை எச்சொல்லால் குறிக்கிறோம்? சபைப் பதிவேட்டில், குடியிருப்பில், குருமனையின் சமையலறையில் யாரை 'அவன்', யாரை 'அவர்' என்கிறோம்? பார்வையற்றவரைக் 'குருடு' என்னும் வழக்கு நம் பிரசங்கத்தில் இன்னும் உண்டா? அன்பினால் 'அது' என்பது வேறு. வயதிலும் செல்வத்திலும் பிறப்பிலும் நமக்குக் கீழானவர் என்று எண்ணி 'அது' என்பது வேறு. இரண்டையும் தொல்காப்பியர் ஒரே பட்டியலில் வைத்தார். அவற்றைப் பிரித்தறியும் கடமை நமக்கு உரியது. கால்டுவெல் கோடைக்கானலிற் கண்மூடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவர் 'உயர்ந்த சாதி' என்று பெயர்த்தெழுதிய சொல்லை, மக்கள் யாவரும் ஒரே திணை என்னும் அதன் உண்மைப் பொருளில் வாழ்ந்து காட்டும் பணி தமிழ்த் திருச்சபையின் கையில் இன்னும் நிறைவேறாதிருக்கிறது.